பிள்ளை காசு வைத்து ஆன்லைன் போக்கர் ஆடுவது தெரியவந்தால்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை போனில் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுகிறது, அதுவும் நிஜப் பணம் வைத்து ஆடுகிறது என்று தெரிந்ததும் முதலில் கோபம் வரும். அது அடங்கும்போது "இப்போது யாரிடம் போவது?" என்ற கேள்வி வரும். வங்கியில் கேட்டால் ஆப் நிறுவனத்தைக் கேளுங்கள் என்பார்கள். நிறுவனத்துக்கு எழுதினால் இயந்திரம் எழுதிய பதில் வரும். தெரிந்தவர்களிடம் சொல்லவும் தயக்கமாக இருக்கும். நாங்கள் இதையெல்லாம் தட்டுத்தடுமாறித்தான் கடந்தோம். எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது, எதற்கு எத்தனை நாள் கெடு என்பது தெரியாமல் அலைவதுதான் இதில் பெரிய வேதனை. அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பணம் வைத்து ஆட எத்தனை வயது ஆக வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் 18, சில இடங்களில் 21. பெரியவர்களுக்கே தடை உள்ள நாடுகளும் உண்டு. ஆனால் உரிமம் பெற்ற எந்தத் தளமும் சிறுவரை ஆட விடக்கூடாது. உங்கள் பக்கம் இருக்கும் பெரிய பலம் அதுதான். எங்கள் வீட்டில் ஆடியது மகன் என்பதால் "அவன்" என்றே எழுதுகிறேன். மகளாக இருந்தாலும் வழி ஒன்றுதான்.

1. ஆப்பை அழிக்காதீர்கள், முதலில் பதிவெடுங்கள்

கோபத்தில் ஆப்பை நீக்குவதும் போனை உடைப்பதும்தான் பலரும் செய்வது. ஆப்பை நீக்கினால் கணக்கு போய்விடாது. அது நிறுவனத்தின் சர்வரில் அப்படியே இருக்கும், சேமித்து வைத்த கார்டும் இருக்கும். உங்கள் கையில் இருந்த ஆதாரம் மட்டும்தான் போகும். அதனால் ஒரு மாலை நேரத்தை இதற்கென ஒதுக்கி, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே சொல்பவற்றைப் படமெடுங்கள்.

கணக்கின் பயனர் பெயர், எண், அதில் பதிவான பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், போன் எண். பணம் போட்டது, எடுத்தது எல்லாம் இருக்கும் பக்கம், தேதியோடு. இப்போது உள்ள இருப்பு. ஆடிய ஆட்டங்களின் பட்டியல். வாட்ஸாப், டெலிகிராம், டிஸ்கார்டு உரையாடல்கள். டெலிகிராமில் எதிராளி தன் செய்தியை உங்கள் பக்கத்திலிருந்தும் அழிக்க முடியும், ஆகவே அதை எல்லாவற்றுக்கும் முன்பு எடுத்துவிடுங்கள். சில ஆப்களில் ஸ்கிரீன்ஷாட் விழாது. அப்போது இன்னொரு போனால் திரையைப் படம் எடுத்தால் போதும்.

அப்புறம் வங்கி, கார்டு, வாலட் ஸ்டேட்மென்ட்களைக் குறைந்தது ஆறு மாதத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் எழுதுங்கள்: தேதி, தொகை, எந்த வழியாகப் போனது, யார் பெயரில் போனது. பின்னால் வரும் ஒவ்வொரு படிக்கும் இந்த அட்டவணைதான் கேட்கப்படும். வங்கிக்கு, நிறுவனத்துக்கு, மருத்துவருக்கு என்று தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

அவன் பெயரில் யாருக்கும் பதில் அனுப்பாதீர்கள். கணக்கில் இருக்கும் பணத்தை நீங்களே எடுக்கவும் முயலாதீர்கள். இரண்டுமே பிறகு "பெற்றோருக்குத் தெரிந்துதான் நடந்தது" என்று சொல்ல இடம் கொடுக்கும்.

2. எந்த வகைத் தளம் என்று கண்டுபிடியுங்கள்

எல்லா ஆன்லைன் போக்கரும் ஒரே மாதிரி நடப்பதில்லை. வகை தெரியாமல் புகார் எழுதினால் வாரக்கணக்கில் நேரம் வீணாகும்.

முதல் வகை, நேரடியாகப் பணம் போட்டு ஆடும் தளங்கள். பெரும்பாலும் பெற்றோர் பெயரிலோ அண்ணன், அக்கா பெயரிலோ கணக்கு இருக்கும். பிரிட்டனில் 2019 மே முதல், வயதைச் சரிபார்த்த பிறகுதான் ஆன்லைனில் ஆட விடவேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் கட்டுப்பாடு தளர்ந்த இடங்களில் பதிவான பல தளங்கள் பணம் போடும்போது எதுவும் கேட்காது, எடுக்கும்போதுதான் அடையாள அட்டை கேட்கும். பிள்ளையால் பணத்தைப் போட முடியும், எடுக்க முடியாது. எடுக்க முடியாத பணத்தை வைத்து மேலும் ஆடும்.

இரண்டாவது வகைதான் பெற்றோர் கண்ணில் படாதது: கிளப் ஆப்கள். ஆப்புக்குள் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வெறும் விளையாட்டுச் சிப்தான் (வில்லை) இருக்கும். "இதில் நிஜப் பணம் இல்லை" என்று ஆப்பே எழுதி வைத்திருக்கும். ஆனால் கிளப்பை நடத்தும் ஏஜென்ட் வெளியே ஒரு குழுவில் பணத்தை வாங்கிக்கொண்டு சிப் ஏற்றுவார், வாராவாரம் கணக்குப் பார்த்து வெற்றி தோல்வியைத் தீர்ப்பார். கடனுக்கும் சிப் தருவார். இங்கே புகார் செய்ய நிறுவனம் என்று ஒன்று கிடையாது, ஏஜென்ட் மட்டும்தான். "சும்மா சிப் வைத்துத்தான் ஆடுகிறேன்" என்று பிள்ளை சொன்னால், "சிப்பை யார் ஏற்றுவது?" என்று கேளுங்கள்.

மூன்றாவது, கிரிப்டோ (பிட்காயின் போன்ற இணைய நாணயம்) வழியாக ஆடும் தளங்கள். அடையாளமே கேட்காதவை பல. நான்காவது, பணத்தைத் திரும்ப எடுக்கவே முடியாத இலவசப் போக்கர் ஆப்களில் சிப் பொதி வாங்குவது. கடைசியில் சொன்னது சட்டப்படி சூதாட்டமாகக் கருதப்படாமல் போகலாம். ஆனால் பணம் ஆப் ஸ்டோர் வழியாகப் போயிருப்பதால் அதைத் திரும்பக் கேட்பது மற்றவற்றைவிட எளிது.

3. பணம் போகும் வழிகளை அன்றைக்கே அடைத்துவிடுங்கள்

கூகுள் பிளே, ஆப்பிள் கணக்கு, பிரவுசர், வாலட் எல்லாவற்றிலும் சேமித்திருக்கும் கார்டை நீக்குங்கள். பின் எண், பாஸ்வேர்டு, போன் லாக் மூன்றையும் மாற்றுங்கள். ஓடிபி வரும் போன் இரவில் யார் அறையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

வங்கியைக் கூப்பிட்டு, "சூதாட்ட வகை வணிகர்களுக்கு இந்தக் கார்டிலிருந்து பணம் போகக்கூடாது" என்று கேளுங்கள். கார்டு உலகில் ஒவ்வொரு வகை வணிகத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. பந்தயம், சூதாட்டத்துக்கு அது 7995. சில வங்கிகள் இந்தத் தடையை ஆப்பிலேயே வைத்திருக்கின்றன, சிலவற்றில் அழைத்துக் கேட்க வேண்டும். இதற்குப் பொதுவாகக் கட்டணம் இருக்காது. ஆனால் வாலட் வழியாகவோ கிரிப்டோ வாங்கியோ போகும் பணத்தை இந்தத் தடை பிடிக்காது.

கார்டை மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பிவிடாதீர்கள். புதிய கார்டு எண்ணைப் பழைய வணிகர்களுக்குத் தானாகத் தெரிவிக்கும் ஏற்பாடு கார்டு வலையமைப்புகளில் இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லி வங்கியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

தாத்தா, பாட்டி, சித்தி, மாமா என்று வீட்டுக்கு வந்து போகிறவர்களின் போனும் கார்டும்கூட ஒரு வழிதான். பரிசு அட்டை வாங்கித் தரச் சொல்லிப் பிள்ளை கேட்டால் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு இதை மறைத்தால் ஓட்டை திறந்தே இருக்கும். உங்கள் அடையாள அட்டையின் நகல் எங்காவது பதிவேற்றப்பட்டிருந்தால் உங்கள் கடன் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள், உங்கள் பெயரில் கடன் எடுக்கப்பட்டிருக்கலாம்.

ஒன்றை மட்டும் மூடாதீர்கள்: போக்கர் கணக்கோடு இணைந்த மின்னஞ்சலும் போன் எண்ணும். பாஸ்வேர்டை மாற்றி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பதில் அங்கேதான் வரும்.

4. பிள்ளையிடம் பேசுங்கள், புகார் எழுதுவதற்கு முன்பே

சில விவரங்கள் அவனுக்கு மட்டும்தான் தெரியும், அவன் சொல்லாமல் புகார் முழுமையாகாது. தோற்ற கையோடு, நடு இரவில், தூங்காத கண்ணோடு இருக்கும் பிள்ளையிடம் பேசி எதுவும் கிடைக்காது. மறுநாள் பகலில், இருவரும் சாப்பிட்டபின் உட்காருங்கள்.

கேட்க வேண்டியவை இவை: யார் சொல்லிக் கொடுத்தது? கணக்கைத் திறந்தது யார்? யாருக்காவது தர வேண்டியிருக்கிறதா? யாராவது உனக்குத் தர வேண்டுமா? வேறு எந்தத் தளத்தில், யார் பெயரில் கணக்கு இருக்கிறது? உன் படமோ அடையாள அட்டையோ யாரிடமாவது இருக்கிறதா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

"இதை மறைக்காமல் சொன்னால் சொன்னதற்காகத் தண்டனை இல்லை" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள். ஆனால் "எல்லாக் கடனையும் நான் அடைத்துவிடுகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏன் என்பதை 7-ல் சொல்கிறேன்.

போக்கர் ஆடும் பிள்ளை கண்டிப்பாக ஒன்று சொல்லும்: "இது சூதாட்டம் இல்லை, திறமை." இந்த வாதத்துக்குள் போகாதீர்கள். போக்கரில் திறமைக்கு இடம் இருப்பது உண்மைதான், ஆகவே அவன் உங்களைவிட நன்றாகவே வாதாடுவான். நீங்கள் பேச வேண்டியது வேறு: உன் வயது, யார் பெயரில் கணக்கு, யாருடைய பணம். இந்த மூன்றுக்கும் திறமையில் பதில் இல்லை. அதற்கு மேல் அவன் கேட்டால் ரேக் பற்றிச் சொல்லுங்கள். பணம் வைத்து ஆடும் டேபிள்களில் பெரும்பாலான பாட்களிலிருந்தும் (ஓர் ஆட்டத்தில் எல்லோரும் வைத்த பணம்) தளம் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, அதுதான் ரேக். 5 சதவீதம் வரை எடுப்பது சாதாரணம். ஆகவே டேபிளில் உட்கார்ந்தவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், போட்டதைவிடக் குறைவாகத்தான் வெளியே வருகிறது. அதன்பின் 1-ல் செய்த அட்டவணையை எடுத்து மொத்தம் போட்டது, மொத்தம் எடுத்தது என்ற இரண்டு எண்களை மட்டும் காட்டுங்கள். ஜெயித்த நாட்கள் எல்லாம் அவனுக்கு நினைவிருக்கும், மொத்தக் கணக்கை அவன் பார்த்திருக்கமாட்டான்.

பேசும்போது அவன் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதாகவோ வாழப் பிடிக்கவில்லை என்றோ சொன்னால் மற்றதெல்லாம் காத்திருக்கட்டும். நேராக 10-க்குப் போங்கள்.

5. நிறுவனத்துக்கு எழுதுங்கள்

இது முதல் வகைத் தளத்துக்கு. தலைப்பில் தெளிவாக "சட்டப்படி வயது நிரம்பாத சிறுவர் ஆடிய கணக்கு" என்று போடுங்கள். உள்ளே கதை வேண்டாம், ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள்: கணக்கு எண், பிள்ளையின் வயது, யாருடைய கார்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மொத்தத் தொகை. கேட்க வேண்டியவை: கணக்கை உடனே முடக்குவது, முழுப் பரிவர்த்தனைப் பட்டியல், போட்ட பணத்தைத் திருப்புவது, விளம்பரச் செய்திகளை நிறுத்துவது, இதையெல்லாம் செய்ததற்கு எழுத்தில் உறுதி.

இணைக்க வேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்று, உங்கள் அடையாள அட்டை, கார்டு உங்களுடையது என்று காட்டும் ஸ்டேட்மென்ட் பக்கம், அட்டவணை. தேவையில்லாத எண்களை மறைத்துவிடுங்கள். ஒவ்வொரு நகலின் மேலும் "இந்தப் புகாருக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். செலவு எதுவும் இல்லை. புகாரை வாங்கக் கட்டணம் கேட்கும் தளம் ஏமாற்றுத் தளம்.

உரிமம் பெற்ற நிறுவனங்கள் சிறுவர் கணக்கு என்று உறுதியானால் போட்ட பணத்தைத் திருப்பித் தருவது வழக்கம், வென்றதைத் தரமாட்டார்கள். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் சிக்கல் கூடும். "நீங்கள்தான் ஆட விட்டீர்கள்" என்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். போனும் பாஸ்வேர்டும் எப்படி அவன் கைக்குப் போனது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் உங்கள் பேச்சு எடுபடும்.

சாட்டில் ஒருவர் "பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் அதை நம்பி இருக்காதீர்கள். அந்த உரையாடலைப் படமெடுத்து, அதையே மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள். பட்டியல் கைக்கு வரும் முன்பே கணக்கை மூடிவிடும் பழக்கமும் உண்டு. அதனால்தான் 1-ஐ முதலில் செய்யச் சொன்னேன். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் உங்கள் தரவைக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

பதில் வரவில்லையென்றால் தளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உரிமம் கொடுத்த அமைப்பின் பெயரும் எண்ணும் அங்கே இருக்க வேண்டும்: பிரிட்டிஷ் சூதாட்ட ஆணையம், மால்டா கேமிங் அத்தாரிட்டி போன்றவை. அந்த அமைப்பின் தளத்தில் அந்த எண்ணைத் தேடிச் சரிபாருங்கள், போலியாகப் போட்டிருப்பவர்களும் உண்டு. பிரிட்டிஷ் உரிமம் உள்ள நிறுவனத்துக்குப் புகாரைத் தீர்க்க 8 வாரம் அவகாசம். அதற்குப் பிறகு இலவசமான நடுநிலைத் தீர்வு அமைப்புக்குப் போகலாம். உரிமமே இல்லாத தளமென்றால் கடிதப் போக்குவரத்தில் நாளைக் கழிக்காமல் அடுத்த படிக்கு வாருங்கள்.

6. வங்கி, ஆப் ஸ்டோர்: கெடு தவறக்கூடாது

ஆப் ஸ்டோர் வழியாகப் போன பணத்துக்கு நேரம் மிகக் குறைவு. கூகுள் பிளேயில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கேட்டால் நல்லது. அதைத் தாண்டினால் பெரும்பாலும் ஆப் செய்தவரையே கேட்கச் சொல்வார்கள். ஆப்பிளில் சிக்கலைத் தெரிவிக்கும் பக்கத்தில், அனுமதியில்லாமல் சிறுவர் வாங்கியது என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பதில் பெரும்பாலும் ஓரிரு நாளில் வரும்.

கார்டில் நேரடியாகப் போனதற்கு வங்கியில் சார்ஜ்பேக் (வணிகருக்குப் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது) கேட்கலாம். பல வகைப் புகார்களுக்கு 120 நாள்வரை அவகாசம் இருக்கிறது, சிலவற்றுக்குக் குறைவு. ஆகவே நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும்போதே வங்கியிடம் கடைசித் தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. "என் கார்டு திருடு போனது" என்று சொன்னால் பணம் வேகமாக வரும் என்று யாராவது சொல்வார்கள். சொல்லாதீர்கள். அது பொய்ப் புகார். விசாரணை வந்தால் உங்கள் பிள்ளையின் பெயர்தான் முதலில் வரும். "என் பிள்ளை என் அனுமதியில்லாமல் பயன்படுத்தியது" என்பதே உண்மை, அதையே எழுதுங்கள். நிறுவனமும் திருப்பித் தந்து வங்கியிலும் சார்ஜ்பேக் ஓடினால் இரண்டும் சிக்கிக்கொள்ளும். ஒன்று வந்ததும் மற்றதை நிறுத்துங்கள்.

கணக்கிலிருந்து கணக்குக்கு நேரடியாக மாற்றிய பணம் திரும்புவது அரிது. கிரிப்டோவை அனுப்பிய பிறகு யாராலும் திருப்ப முடியாது. இதைச் சொல்லக் காரணம், "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று உங்களைத் தேடி வருவார்கள். எங்கேயாவது பொதுவில் புலம்பியிருந்தால் இன்னும் சீக்கிரம் வருவார்கள். அவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

7. ஏஜென்டுக்குக் கடன் இருந்தால்

இந்தப் படிதான் வயிற்றைக் கலக்கும். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பிள்ளைக்கு "ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டு" என்று செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார். சட்டப்படி வயது நிரம்பாத சிறுவரோடு செய்த ஒப்பந்தத்தை அவர்மேல் சுமத்த முடியாது என்பது பெரும்பாலான நாடுகளின் சட்டம். சூதாட்டக் கடனுக்கு வழக்கே போட முடியாத நாடுகளும் பல. பயத்தில் ஒரு முறை கட்டினால், இந்த வீட்டில் பணம் வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும், அடுத்த தொகை பெரிதாக இருக்கும். பிள்ளைக்கும் "அப்பா கட்டுவார்" என்பது மனதில் பதியும்.

உங்கள் போனிலிருந்து ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: இவன் சிறுவன், இனி இவனைத் தொடர்பு கொள்ளக் கூடாது, மீறினால் காவல்துறைக்குப் போவோம். மறுபேச்சு, பேரம் எதுவும் வேண்டாம். உரையாடலைச் சேமித்த பிறகு தடுத்துவிடுங்கள். மிரட்டலோ, படத்தைப் பரப்புவேன் என்ற பேச்சோ வந்தால் அன்றைக்கே காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். பதிவுகள் கையில் இருப்பதால் புகார் எழுதுவது சிரமம் இல்லை.

பிள்ளைக்குத் தனி வங்கிக் கணக்கு இருந்தால் அதைக் கட்டாயம் பாருங்கள். கடனைக் கழிக்க, "உன் கணக்கில் பணம் வரும், அதை இன்னொருவருக்கு அனுப்பிவிடு" என்று ஏஜென்ட் கேட்டிருக்கலாம். அடுத்தவர் பணத்தைக் கடத்தும் வேலை அது. கணக்கு முடங்குவதோடு குற்ற விசாரணையும் வரும். தெரியாதவர்களிடமிருந்து வந்த தொகைகள் தெரிந்தால் வங்கிக்கு நீங்களே முதலில் சொல்லுங்கள். வங்கி கண்டுபிடித்த பிறகு சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

8. வென்ற பணம் இருந்தால்

செலவு செய்யாதீர்கள், பிள்ளையிடமும் விடாதீர்கள். புகார் முடியும்வரை தனியாக வைத்திருங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் அந்த வருமானமும் உங்களுடையதாகவே வரித்துறைக்குத் தெரியும். பிரிட்டன் போன்ற சில நாடுகளில் ஆடுபவரின் வெற்றிக்கு வரி இல்லை, வேறு பல நாடுகளில் உண்டு. ஒரு கணக்காளரிடம் அட்டவணையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

9. போனிலும் கணினியிலும் தடுப்பு

பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஆப்பிளில் ஸ்கிரீன் டைம், இரண்டும் இலவசம். ஆண்ட்ராய்டில் "தெரியாத ஆப்களை நிறுவுதல்" என்ற அனுமதியைக் கட்டாயம் மூடுங்கள், பல போக்கர் ஆப்கள் பிளே ஸ்டோர் வழியாக வருவதில்லை. சூதாட்டத் தளங்களை மட்டும் தடுக்கும் மென்பொருள்களும் உண்டு: பெட்பிளாக்கர் இலவசம், கேம்பான் சந்தாக் கட்டணம். வீட்டு ரூட்டரில் மட்டும் தடுத்தால் மொபைல் டேட்டா வழியாகப் போய்விடும். தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் ஆப் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

போனை ஒரேயடியாகப் பறிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பள்ளி நண்பன் போனில் கணக்கு திறந்துவிட்டால் உங்களுக்கு எதுவும் தெரியாமல் போகும். இரவில் போன் உங்கள் அறையில் இருக்கட்டும், அது போதும்.

10. மருத்துவ உதவி எப்போது

இழந்ததை மீட்கத் திரும்பத் திரும்ப ஆடுவது, பொய், நிறுத்தச் சொன்னால் எரிச்சலும் தூக்கமின்மையும், வீட்டில் பணம் காணாமல் போவது, படிப்பும் நட்பும் விட்டுப்போவது. இவற்றில் சில சேர்ந்து தெரிந்தால் காத்திருக்காதீர்கள். சூதாட்டக் கோளாறு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் உள்ள ஒன்று. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் அதன் குறியீடு 6சி50. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேடு, 12 மாதத்துக்குள் 9 அறிகுறிகளில் 4 இருந்தால் கோளாறு என்கிறது. முடிவு சொல்ல வேண்டியது மருத்துவர்தான். உங்கள் வேலை அட்டவணையைக் கொண்டுபோவது.

குழந்தைகள் மனநல மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். நேரம் வாங்கும்போதே கேளுங்கள்: 18 வயதுக்குட்பட்டவர்களின் சூதாட்டப் பிரச்சினையைப் பார்த்திருக்கிறீர்களா? எத்தனை அமர்வுகள்? பெற்றோரும் உட்கார வேண்டுமா? காப்பீட்டில் வருமா? பொதுவாகச் செய்வது சிந்தனை, நடத்தை சார்ந்த பேச்சுச் சிகிச்சை. அதற்கு வாரக்கணக்கில் ஆகும், பள்ளி நேரத்தோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு நீளமாக இருந்தால், சூதாடுபவர்களின் குடும்பத்தாருக்கென்றே இருக்கும் கேம்-அனான் கூட்டங்களில் நீங்கள் சேரலாம், கட்டணம் கிடையாது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லத் தொடங்கும் கட்டத்தில் அது பெரிய துணை.

உயிருக்கு ஆபத்தான பேச்சோ செயலோ தெரிந்தால் நேரம் வாங்கிக் காத்திருக்க வேண்டாம். உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அப்போதே அழையுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

11. மறுபடி பார்க்க வேண்டிய தேதிகள்

காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட். மூன்றாவது மாதம் கடன் அறிக்கை. சார்ஜ்பேக்கின் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு வங்கிக்கு ஓர் அழைப்பு. பழைய மின்னஞ்சலில் "போனஸ் காத்திருக்கிறது" என்ற செய்தி வந்தால், கணக்கு இன்னும் மூடப்படவில்லை என்று அர்த்தம். அதைப் படமெடுத்து 5-ல் அனுப்பிய அதே புகார் எண்ணுக்குக் கீழே திரும்ப அனுப்புங்கள்.